சிறுநீரக நோயாளியின் தட்டில் காய்கறி: தங்கச்சிமடம் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடலுக்குப் போனவர். இப்போது வீட்டில் இருக்கிறார். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளன. டெல்மிசார்டன் மாத்திரை எடுக்கிறார். இரண்டு மாதங்களுக்கு முன் பரிசோதித்தபோது கிரியேட்டினின் (ரத்தத்தில் தங்கும் கழிவு) 2.9, ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன்) 24, பொட்டாசியம் 5.6, பைகார்பனேட் 18 என்று வந்தது. டயாலிசிஸ் இன்னும் தேவையில்லை என்றார்கள். ஆனால் காய்கறி எதுவும் கூடாது என்று ஒருவர் சொன்னதால் அன்றே நிறுத்திவிட்டோம். சோறு, ரசம், கருவாடு, இவ்வளவுதான் அவருடைய சாப்பாடு. உறவினர்கள் சொன்னபடி தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறும் சிறுகண்பீளைக் கஷாயமும் கொடுக்கிறோம். வெயில் நாளில் ஓர் இளநீர். உப்புக்குப் பதிலாக இந்துப்பு. எடை 63 கிலோவிலிருந்து 59 ஆகிவிட்டது, மலச்சிக்கலும் இருக்கிறது. போன வாரப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.7. காய்கறியை அடியோடு நிறுத்தியும் ஏன் குறையவில்லை? இனி அவர் காய்கறியே சாப்பிடக் கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் அப்பா காய்கறி சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். எந்தக் காய், எவ்வளவு, எப்படிச் சமைத்தது என்ற மூன்றையும் விளக்குவதற்கு முன், உடனடியாகச் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 5க்குக் கீழே இருக்க வேண்டிய பொட்டாசியம் 5.7 என்பது அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய அளவு அன்று. இந்த வாரமே அவரைச் சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துச் சென்று, இதயத் துடிப்பைக் காட்டும் ஈ.சி.ஜி.யும் மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். கை கால்கள் திடீரெனத் தளர்ந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு வாங்கினாலோ இரவானாலும் பொழுது விடியும்வரை காத்திருக்க வேண்டாம். டெல்மிசார்டன் பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தக்கூடிய மாத்திரைதான் என்றாலும், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தும் அதுவே. ஆகவே அளவைக் குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவர் முடிவு செய்யட்டும். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போடும் மாத்திரை ஏதேனும் உண்டா என்றும் அவரிடம் கேளுங்கள். நீண்ட காலம் வலை இழுத்தவர்களில் அந்தப் பழக்கம் இல்லாதவரை நான் குறைவாகவே கண்டிருக்கிறேன். அவ்வகை வலி மாத்திரைகளில் பல, பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுத்துப் பொட்டாசியத்தையும் ஏற்றிவிடும்.

இனி தங்கள் முதல் கேள்வி. காய்கறியை நிறுத்தியும் பொட்டாசியம் குறையாததற்கான காரணங்கள் தங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. 100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. நடுத்தர அளவுள்ள ஓர் இளநீரில் 300 மில்லி நீர் இருந்தால், அந்த ஒன்றிலேயே 750 மில்லிகிராம் உடலுக்குள் போய்விடுகிறது. சுரைக்காயிலோ 100 கிராமுக்கு 150 மில்லிகிராம்தான். அரைக் கிலோ சுரைக்காயைப் பச்சையாகவே தின்றால் சேரும் பொட்டாசியத்தை அப்பா ஒரே மூச்சில் குடித்துவிடுகிறார் என்பதை வீட்டில் எல்லோருக்கும் எடுத்துச் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்திருக்கும்போது மருத்துவர்கள் நாள் முழுவதற்கும் அனுமதிக்கும் அளவே பெரும்பாலும் 2,000 முதல் 2,500 மில்லிகிராம்தான்.

வாழைத்தண்டுச் சாற்றைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தக் கரையில் என்னிடம் வருகிறவர்களில் அதைக் குடிக்காதவர்கள் அபூர்வம். சிறுநீரகக் கல்லுக்கு நிறைய நீர் குடிக்க வேண்டும் என்பதால், கல் உள்ளவர்களுக்கு வாழைத்தண்டும் நெருஞ்சிலும் சிறுகண்பீளையும் நம் ஊர்களில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தன. கல் உள்ளவரின் சிறுநீரகம் பெரும்பாலும் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். சாற்றில் வரும் பொட்டாசியத்தை அது சிரமமின்றி வெளியேற்றிவிடும். தங்கள் அப்பாவுக்கு இருப்பது வேறு நோய். வடிகட்டும் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்ட சிறுநீரகத்தால் அதே சாற்றைக் கையாள முடியாது. ‘சிறுநீரகத்துக்கு நல்லது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய்களும் அடங்கிவிடுவதால் அன்போடு கொடுக்கும் சாறே துன்பமாகிவிடுகிறது. கொடுத்தவர்களைக் குறை சொல்லாமல், ஆனால் தயங்காமல், சாறு, கஷாயம், இளநீர் மூன்றையும் இன்றே நிறுத்திவிடுங்கள். இதுவரை கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம்.

இவற்றோடு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கின்றன. ரத்தத்தில் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் 22க்கு மேல் இருக்க வேண்டும், அவருக்கு 18. ரத்தத்தில் அமிலம் மிகும்போது செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே வந்து ரத்தத்தில் கலக்கிறது. மீனும் கருவாடும் செரித்த பின் உடலில் அமிலத்தையே மிகுதியாக விடுகின்றன. அதைத் தணிக்கக்கூடிய காரத்தன்மை காய்கறியிலும் பழத்திலும்தான் இருக்கிறது. அதைத்தான் தட்டிலிருந்து எடுத்துவிட்டோம். அடுத்தது மலச்சிக்கல். நல்ல உடல்நிலையில் பொட்டாசியத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் குடல் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகம் தளரும்போது குடல் அந்தச் சுமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள, அது கால் பங்கு அளவுக்கு உயரக்கூடும். நார்ச்சத்தே இல்லாத சோறும் ரசமுமாக இரண்டு மாதம் கழிந்தால், திறந்திருந்த அந்த ஒரு வழியும் அடைபடுகிறது. போதாத உணவினால் எடை குறைந்தபோது கரைந்தது தசையும்தான். கரைந்த தசையிலிருந்தும் பொட்டாசியம் ரத்தத்துக்கு வந்து சேரும். ஆகவே காய்கறியை நிறுத்திய பின்னும் பொட்டாசியம் குறையாததில் வியப்பில்லை. நிறுத்தியதும் அதற்கு ஒரு காரணமாகவே இருந்திருக்கலாம்.

இதை எழுதும்போது என் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வருகிறது. உணவு ஆலோசகராக வேலைக்கு வந்த புதிதில், சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுக்க ஒரு தாள் வைத்திருந்தேன். அதில் ஏறத்தாழ எல்லாக் காய்களும் ‘தவிர்க்கவும்’ என்ற பக்கத்தில் இருந்தன. உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தார். மூன்று மாதம் கழித்து அவர் திரும்பி வந்தபோது, சட்டை தோளிலிருந்து தொங்குவதைப் பார்த்து நான் அந்தத் தாளைக் கொடுப்பதை நிறுத்தினேன். அப்போது பாடப் புத்தகமே அப்படித்தான் சொன்னது என்பது எனக்கு ஆறுதல் ஆகவில்லை. அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2020இல் புதுப்பித்த உணவு வழிகாட்டுதல், எல்லோருக்கும் ஒரே அளவு பொட்டாசியம் என்று வரையறுக்காமல், ரத்தத்தில் அது இயல்பான அளவில் நிற்கும்படி அவரவருக்கு ஏற்ப உணவைச் சரிசெய்யச் சொல்கிறது. டயாலிசிஸுக்கு முந்தைய நிலைகளில் காய்கறியும் பழமும் கூடினால் ரத்த அழுத்தமும் உடலில் சேரும் அமிலமும் குறையக்கூடும் என்றும் கூறுகிறது. அப்பாவின் பொட்டாசியம் இப்போது உயர்ந்திருப்பதால் நாம் கட்டுப்பாட்டோடுதான் தொடங்க வேண்டும். ஆனால் தொடங்கலாம்.

எந்தக் காய்? முதல் நான்கு வாரங்களுக்குச் சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், சௌசௌ, வெள்ளரிக்காய், முட்டைகோஸ், வெண்பூசணி, கோவைக்காய் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பீர்க்கங்காயிலும் சௌசௌவிலும் 100 கிராமுக்கு 125 முதல் 140 மில்லிகிராம் அளவே பொட்டாசியம் உள்ளது, முட்டைகோஸில் 170. தங்கள் ராமேசுவரம் தீவுக்கு வரும் காய்கறியெல்லாம் பாலம் கடந்து லாரியில் வருவது என்பதும், கடை வாடி வதங்கிக் கிடக்கும் நாட்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். நல்லவேளையாக, நான் சொன்ன நீர்க்காய்கள் விலை குறைந்தவை, சில நாட்கள் தாங்குபவை. கத்திரிக்காய், அவரைக்காய், பீன்ஸ், முள்ளங்கி ஆகியவற்றை வாரத்தில் இரண்டு முறை, வேகவைத்து நீரை வடித்த பிறகு சேர்க்கலாம். உருளைக்கிழங்கு, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்காய் ஆகியவை பொட்டாசியம் 5க்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கும்வரை வேண்டாம். தை மாதத்தில் பனங்கிழங்கு அவித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். இந்த ஆண்டு அப்பா அதை விட்டுவிடட்டும்.

முருங்கைக்கீரையைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. ஆனால் கொல்லையில் மரம் இல்லாத வீடு இந்தக் கரையில் ஏது? 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேலும், பசலை போன்ற கீரைகளில் 500க்கு மேலும் பொட்டாசியம் உள்ளது. நிலைமை சீரானபின் வாரத்தில் ஒரு நாள், கொதிக்கும் நீரில் வேகவைத்துப் பிழிந்த கீரை ஒரு கைப்பிடி தரலாம். உலர்ந்த இலையில் எல்லாம் செறிந்துவிடுவதால் முருங்கையிலைப் பொடியை எந்த வடிவிலும் தர வேண்டாம். மண்டபம் பக்கத்தில் பெண்கள் வளர்க்கும் கடற்பாசியைச் சத்துணவு என்று யாரேனும் கொடுத்தாலும் இதே பதில்தான். அதன் சாறு பயிர்களுக்குச் சாம்பல் சத்து உரமாகப் பயன்படும் அளவுக்கு அதில் பொட்டாசியம் இருக்கிறது.

இனி சமைக்கும் முறை. என் பதிலில் மிக முக்கியமான பகுதி இதுதான். காயையும் கீரையையும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதே, சத்தெல்லாம் அதில்தான் போகும் என்று நம் தாய்மார்கள் சொல்லி வளர்த்தார்கள். அவர்கள் சொன்னது முற்றிலும் உண்மை. பொட்டாசியம் நீரில் கரைந்து இறங்கும் உப்பு. அதனால்தான் அந்த நீரைக் கொட்ட வேண்டும் என்று தங்கள் அப்பாவுக்கு மட்டும் நான் மாற்றிச் சொல்கிறேன். தோல் சீவி, மெல்லியதாக நறுக்கி, 100 கிராம் காய்க்கு ஒரு லிட்டர் என்ற அளவில் கொதிக்கும் நீரில் போட்டு, உப்புச் சேர்க்காமல், மூடாமல், பத்து நிமிடமாவது வேகவைத்து வடிதட்டில் வடித்துவிடுங்கள். நறுக்கும் அளவும் முக்கியம். உருளைக்கிழங்கை வைத்துச் செய்த ஆய்வில், சதுரத் துண்டுகளாக வேகவைத்தபோது பாதிப் பொட்டாசியமும், துருவி வேகவைத்தபோது முக்கால் பங்கும் நீரில் இறங்கின. இரவு முழுவதும் ஊறவைத்து, வேகவைக்காமல் விட்டதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஊறவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள், போதாது. குக்கரில் சிறிது நீர் விட்டு வேகவைத்து அந்த நீரோடு கூட்டு வைத்தால், இறங்கிய பொட்டாசியம் முழுவதும் மறுபடி சட்டிக்குள்ளேயே இருக்கும்.

குடிநீரைக் குடம் குடமாகப் பிடித்து வைக்கும் ஊரில் ஒரு காய்க்கு இரண்டு லிட்டர் நீரை வீணாக்கச் சொல்வது எளிதான அறிவுரை அன்று என்பதை உணர்ந்தே சொல்கிறேன். எனவே சுரை, பீர்க்கு, சௌசௌ போன்ற குறைந்த பொட்டாசியக் காய்களுக்குக் காய் மூழ்கி மேலே நான்கு விரல் நிற்கும் அளவு நீர் போதும். நிறைய நீரைக் கத்திரிக்காய், அவரைக்காய் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று நீர் நாக்கில் உவர்த்தால் அதில் வேகவைக்க வேண்டாம், உப்பு காயில் ஏறிவிடும். உப்பில்லாமல் வடித்த நீரை ஆறவைத்துக் கொல்லை மரத்துக்கு ஊற்றிவிடலாம். நீரோடு சில வைட்டமின்களும் போய்விடும் என்பதால், மாத்திரை தேவையா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடித்த காய்க்குச் சுவை இராது என்று அம்மா வருந்துவார்கள். கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, பூண்டு, சின்ன வெங்காயம், நம் ஊர் முண்டு மிளகாய் ஒன்று, இரண்டு தேக்கரண்டித் தேங்காய்த் துருவல் ஆகியவற்றோடு தாளித்து, இறக்கும்போது சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால், அரை உப்பிலேயே அது நல்ல பொரியல்தான். பாசிப்பருப்பை ஒரு மேசைக்கரண்டி வேகவைத்துச் சேர்த்தால் கூட்டு. மதியம் ஒரு கரண்டி, இரவு ஒரு கரண்டி என, நறுக்கும் முன் எடை பார்த்தால் நாளுக்கு 200 முதல் 250 கிராம் காய் வருமாறு தொடங்குங்கள். சூப்பும் காய்கறிச் சாறும் வேண்டாம். ரசம் வைத்தால் தக்காளியும் புளியும் மிகக் குறைவாக இருக்கட்டும். அதையும் தட்டில் ஊற்றிக் குடிக்காமல் சோற்றில் பிசையும் அளவோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

காயை நிறுத்தியதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, அதன் இடத்தைக் கருவாடு பிடித்துக்கொண்டது. உப்பிட்டு உலர்த்திய கருவாட்டின் பல வகைகளில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்புதான். நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்பே அனுமதி உள்ளவருக்கு, 25 கிராம் கருவாட்டிலேயே பாதி முடிந்துவிடுகிறது. நெத்திலியும் சூடையும் முள்ளோடு தின்னும்போது, பழுதான சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பாஸ்பரஸும் சேர்கிறது. கழுவி ஊறவைத்தால் மேலுப்புப் போகும், உள்ளிருப்பது முழுவதும் போகாது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் கருவாட்டை விடச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அறிந்தும், இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதற்குப் பதிலாகப் பச்சை மீன் உண்டு. 59 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 35 முதல் 47 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டால், சோறும் இட்லியும் தருவது போக, மதியக் குழம்பில் முள் நீக்கினால் 75 கிராம் வரும் ஒரு துண்டு விளமீனோ பாறையோ தாராளமாக இடம் பெறும். மீன் இருக்கிறது என்று தெரிந்தால் பக்கத்தில் வைக்கும் பீர்க்கங்காய் வெஞ்சனத்தை அவர் மறுக்க மாட்டார் என்பது இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்தது. இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், அதாவது சாதாரண உப்பேதான். அதனால் ஆதாயம் இல்லை. சோடியம் குறைந்தது என்று விற்கும் பொட்டல உப்பிலோ சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கும். அது அவருக்கு இளநீரைவிட ஆபத்தானது. வழக்கமான உப்பையே அளந்து, குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றும் அலமாரியிலேயே இருக்கட்டும்.

பழத்தில் நாளுக்கு ஒரு சிறு பங்கு, அதாவது அரை ஆப்பிளோ இரண்டு சிறு துண்டு பப்பாளியோ போதும். வாழைப்பழம் இப்போதைக்கு வேண்டாம். நட்சத்திரப் பழம் மட்டும் எக்காலத்திலும் கூடாது; பழுதான சிறுநீரகம் உள்ளவருக்கு அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அப்பா சாப்பிடுவதையும் குடிப்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில் எடை பாருங்கள். சாறும் இளநீரும் நின்று, காய் சேர்ந்து, மலம் தினமும் இலகுவாகப் போகத் தொடங்கிய பத்து நாளில், மருத்துவரின் ஒப்புதலோடு பொட்டாசியத்தையும் பைகார்பனேட்டையும் மறுபடி பாருங்கள். பைகார்பனேட் ஏறவில்லை என்றால் அதற்கு மாத்திரை உண்டு. மலச்சிக்கல் நீங்கவில்லை என்றால் அதற்கும் மருந்து உண்டு. இரண்டையும் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். ரத்தம் எடுத்த குழாய் வெகுநேரம் கிடந்தாலோ குலுங்கினாலோ பொட்டாசியம் உயர்ந்ததுபோல் காட்டும் என்பதால், ஆய்வகம் உள்ள இடத்திலேயே ரத்தம் கொடுப்பது நல்லது. அந்த முடிவுத்தாளின் படியையும் குறிப்பேட்டின் பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகு, கத்திரிக்காயை வாரத்தில் எத்தனை நாளாக உயர்த்தலாம், கொல்லை முருங்கைக்கீரையை எப்போது தொடங்கலாம் என்பதை அப்பாவின் எண்களை வைத்தே எழுதுகிறேன்.